கம்பத்தை மாத்தினா மின்கம்பமும் மாறும்: தானாகத் திருத்தும் ஸ்கிரிப்ட்களின் கதை

இந்த எபிசோடை ஒரு சின்னப் பரிசோதனையோட ஆரம்பிக்கலாம். தேனி மாவட்டத்து ஊர்கள் பற்றிய ஒரு பெரிய டெக்ஸ்ட் கோப்பு உங்க கிட்ட இருக்குன்னு வச்சுக்குங்க. அதுல "கம்பம்"னு வர்ற இடத்துல எல்லாம் "கம்பம் நகராட்சி"ன்னு மாத்தணும். கையால திருத்த நேரமில்லை. ஒரே வரியில ஒரு கமாண்ட் அடிச்சா முடிஞ்சிடும்.

முடிஞ்சுதான் போயிடும். தெருவில் நிற்கிற மின்கம்பம் "மின்கம்பம் நகராட்சி" ஆகும். பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக்கும் அதே கதி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சை "கம்பம் நகராட்சி பன்னீர் திராட்சை" ஆயிடும். அதே சமயம், உண்மையிலேயே ஊரைக் குறிக்கிற "கம்பத்தில்", "கம்பத்துக்கு" எல்லாம் அப்படியே நிக்கும். ஏன்னா அந்தச் சொற்களுக்குள்ள "கம்பம்"ங்கிற எழுத்து வரிசையே இல்லை. சரி, "கம்ப"ன்னு மட்டும் தேடலாம்னு நினைச்சா கம்பரும் வருவார், கம்பளியும் வரும்.

எங்க மாவட்டம் இந்த விஷயத்துல ஒரு புதையல். "தேனி"ன்னு தேடினா தேனிலவு மாட்டும். தேவாரம் ஒரு ஊர், அதே நேரம் சைவத் திருமுறை. கூடலூர் இங்கேயும் இருக்கு, நீலகிரியிலும் இருக்கு. கம்பமே ஆந்திராவில் இன்னொன்று இருக்கு.

இதுல சிரிக்கிற பகுதியை விட கவலைப்பட வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அந்த ஒரு வரி கமாண்ட் இவ்வளவும் செஞ்சுட்டு, "வேலை வெற்றிகரமா முடிஞ்சது"ன்னுதான் கணினிக்குச் சொல்லும். ஒரு இடத்துல கூட எதையும் மாத்தலைன்னாலும் அதே பதில்தான். அது ஏன் அப்படி, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய கதை.

கதை 1969-ல் தொடங்குது. கணினிக்கு முன்னாடி நம்ம சட்டப் புத்தகத்தைப் பார்த்துடலாம். மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பெயர் வைக்கணும்னு 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார். 1968-ல் நாடாளுமன்றம் பெயர் மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அப்போ ஒரு பெரிய தலைவலி. மாநிலத்தின் சட்டங்கள் முழுக்க "மெட்ராஸ்"ங்கிற சொல் இருக்கு. அதை எல்லாம் மாத்தணும். ஆனால் எல்லா மெட்ராஸும் மாநிலம் இல்லை. மெட்ராஸ் நகரம் இருக்கு. 1857-ல் தொடங்கின மெட்ராஸ் பல்கலைக்கழகம் இருக்கு. மெட்ராஸ் உயர் நீதிமன்றம் இருக்கு. கம்பம், மின்கம்பம் பிரச்சினையேதான்.

1969-லேயே அதுக்காக "தமிழ்நாடு சட்டங்கள் தழுவல் ஆணை"ன்னு ஒன்று போட்டாங்க. பெயர் மாற்றம் மாநிலத்தோடு நின்றது. நகரம் 1996 வரைக்கும் மெட்ராஸாகவே இருந்தது. நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆங்கிலத்தில் இன்றும் அதே பெயர். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், மாற்றின இடத்தில் அவங்க விட்டுட்டுப் போன தடம். பழைய தமிழ்நாட்டுச் சட்டம் எதையாவது எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்க. அடிக்குறிப்பில், இந்தச் சொல் "மெட்ராஸ்" என்பதற்குப் பதிலாக இன்ன ஆணையால் இடப்பட்டது என்று இருக்கும். இந்து சமய அறநிலையத் துறைக்கான சட்டம் 1959-ல் வந்தது. அப்போ தமிழ்நாடுன்னு ஒரு மாநிலமே அதிகாரபூர்வமா கிடையாது. இருந்தும் இன்று அதன் பெயர் "தமிழ்நாடு" என்று தொடங்கி "1959" என்று முடியுது. அடிக்குறிப்பு இல்லைன்னா அது ஒரு வரலாற்றுப் பொய் மாதிரி இருந்திருக்கும்.

அதே 1969-ல், அமெரிக்காவில் பெல் லேப்ஸில், கென் தாம்சன் யூனிக்ஸ் எழுதிக்கிட்டிருந்தார். அதோட ஒரு எடிட்டரும் எழுதினார். பெயர் ஈடி. (ஈடின்னதும் ரெய்டு நினைப்பு வரவேண்டாம். இது வேற.) ஈடியில் நீங்க தப்பா ஏதாவது அடிச்சா, ஒரே ஒரு கேள்விக்குறி வரும். அவ்வளவுதான். என்ன தப்பு, எந்த வரி, எதுவும் சொல்லாது. மெதுவான டெலிடைப் இயந்திரத்தில் காகிதத்தில் அச்சாகிற காலம் அது. ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் ஆகும், அதனால் வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுதான் மரியாதை. ஆனா கவனிங்க, ஈடிக்கு முன்னாடி எப்பவும் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பார். தேடின சொல் இல்லைன்னா கேள்விக்குறி வரும், அவர் பார்ப்பார், திருத்துவார்.

அங்கேயே லீ மக்மஹோன்னு ஒருத்தர். அமெரிக்க அரசியல் சாசன காலத்து ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை யார் எழுதினதுன்னு மொழிநடையை வச்சு ஆராய விரும்பினார். கோப்பு பெருசு, ஈடியின் நினைவகத்துக்குள்ள அடங்கலை. அவருக்காக தாம்சன் ஈடிக்குள்ள இருந்த தேடும் பகுதியைத் தனியா பிரிச்சுக் கொடுத்ததுதான் கிரெப். பிறகு 1973-74 வாக்கில் மக்மஹோனே திருத்தும் பகுதியையும் தனியா எழுதினார். எஸ், ஈ, டி. தமிழ்ல சொன்னா செட்டுன்னு வரும். ஆனா பின்னால "செட்"னு வேற ஒரு ஷெல் கட்டளையும் வரப்போகுது, அதனால இதை ஸெட்டுன்னே அழைக்கிறேன்.

ஸெட் ஒரு வாய்க்கால் மாதிரி. ஒரு பக்கம் வரிகள் உள்ளே போகும், மறுபக்கம் திருத்தப்பட்டு வெளியே வரும். மூலக் கோப்பைத் தொடவே தொடாது. இது நல்ல வடிவமைப்பு. ஆனா ஒரு விஷயம் தொலைஞ்சு போச்சு: கேள்விக்குறி. ஸெட்டைப் பொறுத்தவரை, உள்ளே வந்த எல்லா வரியையும் வெளியே அனுப்பியாச்சுன்னா வேலை முடிஞ்சது. நடுவுல ஏதாவது மாறினதா இல்லையா என்பது அதுக்குக் கவலையே இல்லை. யூனிக்ஸில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஒரு எண் கொடுத்துட்டுப் போகும். பூஜ்ஜியம்னா எல்லாம் நலம். கிரெப் தேடினது கிடைக்கலைன்னா ஒன்று கொடுக்கும், கோப்பே இல்லைன்னா இரண்டு கொடுக்கும். ஸெட் கோப்பு இல்லைன்னா கத்தும். சொல் கிடைக்கலைன்னா? பூஜ்ஜியம்.

எதிர்ல மனுஷன் இருந்த வரைக்கும் இது பெரிய விஷயமில்லை. 1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் கருவியைக் கொண்டு வந்தார், 1979-ல் ஸ்டீஃபன் போர்னின் ஷெல் வந்தது. அதோடு மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்து டீ குடிக்கப் போயிட்டார். மூலக் கோப்புகளைச் சேர்த்து, பதிப்பு எண்ணைத் திருத்தி, பாதைகளை மாத்தி, ஒரு மென்பொருளை உருவாக்குற வேலையை ஸ்கிரிப்ட் தானே செய்யும். பில்ட் ஸ்கிரிப்ட்னா இதுதான்.

மேக் ஓரளவு கவனமானது. ஒரு கட்டளை பூஜ்ஜியம் அல்லாத எண் கொடுத்தா நின்னுடும். ஆனா அதுலயும் ஒரு ஓட்டை. பாதி எழுதின கோப்பு அங்கேயே கிடக்கும். அடுத்த தடவை ஓட்டினா, "இந்தக் கோப்பு புதுசாத்தானே இருக்கு"ன்னு அதைத் தாண்டிப் போயிடும். தப்பு நடந்தா அந்தக் கோப்பை அழிச்சிடுன்னு குனூ மேக்கிடம் நாமதான் தனியா ஒரு வரி எழுதிச் சொல்லணும்.

போர்ன் ஷெல்லில் "செட் மைனஸ் ஈ"ன்னு ஒரு வசதி: எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட்டை நிறுத்து. நிறைய பேர் முதல் வரியில் இதை எழுதிட்டு நிம்மதியா இருப்பாங்க. அந்த நிம்மதிக்கு நான் எதிரி. ஒன்று, "இஃப்" சோதனைக்குள்ள ஓடுற கட்டளைக்கு அது பொருந்தாது. இரண்டு, குழாய்போட்டு இணைச்ச கட்டளைகளில் கடைசியில் இருக்கிறதோட எண்ணைத்தான் பார்க்கும். முதல் ஆள் செத்து விழுந்தாலும் கடைசி ஆள் நலம்னா எல்லாம் நலம். இதைச் சரிசெய்ய பைப்ஃபெயில் என்ற வசதி கார்ன் ஷெல்லில் வந்து, 2004-ல் பாஷ் 3.0-க்கு வந்தது. பாசிக்ஸ் தரத்துக்குள்ள அது நுழைஞ்சது 2024-ல். இருபது வருஷம்.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல். செட் மைனஸ் ஈ போட்டதும், கிரெப் எதையும் கண்டுபிடிக்காத சாதாரண நேரத்துலயும் ஸ்கிரிப்ட் நின்னு போகும். உடனே என்ன செய்வாங்க? அந்த வரியின் கடைசியில் "ஆர் ட்ரூ"ன்னு ஒட்டுவாங்க. அதாவது, என்ன ஆனாலும் சரின்னு சொல்லு. அதுக்கப்புறம் சொல் கிடைக்காததும், கோப்பே காணாமப் போனதும் ஒரே மாதிரி மறைஞ்சிடும். அவ்வளவு பாடுபட்டு வாங்கின கேள்விக்குறியை நாமே கையால அழிக்கிறோம்.

வெற்றிடம் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் 2015 ஜனவரியில் வெளியே வந்தது. லினக்ஸில் ஓடும் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்ட், தான் இருக்கிற ஃபோல்டர் எதுன்னு கண்டுபிடிச்சு ஒரு மாறியில் வைக்கும், பிறகு தேவைப்பட்டா அதுக்குள்ள இருக்கிறதை அழிக்கும். கண்டுபிடிக்கிற கட்டளை தோற்றா மாறி காலி. காலியான பெயருக்குப் பின்னால ஒரு சாய்கோடு. அதாவது முழுக் கணினி. அந்த ஆள் தன் கோப்புகளை எல்லாம் இழந்தார். அழிக்கும் வரிக்கு மேல, எழுதினவரே "பயங்கரம்!"னு ஒரு குறிப்பு போட்டிருந்தார். பயந்தவர் ஒரு சோதனை வரியும் சேர்த்திருக்கலாம். 2011-ல் பம்பிள்பீ என்ற கருவியின் நிறுவும் ஸ்கிரிப்ட்டில், பாதைக்கு நடுவில் தவறி விழுந்த ஒரே ஒரு இடைவெளி, கணினியின் "யூஎஸ்ஆர்" ஃபோல்டரையே தூக்கிடுச்சு.

அழிக்கிற தப்பு சீக்கிரம் தெரிஞ்சிடும். திருத்துற தப்பு தெரியாது. யாஹூ மெயிலில் 2000-களின் தொடக்கத்தில், ஆபத்தான ஜாவாஸ்கிரிப்ட்டைத் தடுக்க, மின்னஞ்சலில் "இவால்" என்ற எழுத்துகள் வந்தால் "ரிவ்யூ"ன்னு மாத்துற வடிகட்டி இருந்தது. இடைக்காலத்தைக் குறிக்கும் "மெடீவல்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ள அந்த எழுத்துகள் இருக்கு. விளைவு, "மெடிரிவ்யூ"ன்னு ஒரு சொல் பிறந்து, இணையப் பக்கங்கள்ல எல்லாம் பரவிடுச்சு. ரொம்ப நாள் யாரும் கவனிக்கலை.

இதுக்கு மாற்று வழி எப்பவோ வந்தாச்சு. பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கின லாரி வால், 1985-ல் பேட்ச் என்ற கருவியை வெளியிட்டார். அது சொல்லை மட்டும் தேடாது. மேலே இந்த மூன்று வரி, கீழே இந்த மூன்று வரி, நடுவில் இருக்கிறதை மாத்துன்னு சூழலோடு சேர்த்துத் தேடும். கிடைக்கலைன்னா, தோற்ற துண்டை ஒரு தனிக் கோப்பில் எழுதி வச்சிட்டு, பூஜ்ஜியம் அல்லாத எண்ணோட வெளியே வரும். என் பார்வையில், 1969-ஆம் வருஷத்துச் சட்ட ஆணையோட குணம் பேட்ச்சில் இருக்கு. எங்கே, எதுக்குப் பதிலா, எதைன்னு எழுத்துல இருக்கும்.

ஆனா மனுஷங்க ஸெட்டைத்தான் விரும்பினாங்க, அதுவும் மூலக் கோப்பையே மாத்துற மைனஸ் ஐ வசதியோட. அதுக்கு முன்னாடி புதுசா கத்துக்கிறவங்க விழுற குழி ஒன்று உண்டு: ஸெட்டோட வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பி விடுறது. ஷெல் முதல்ல வெளியீட்டுக் கோப்பைத் திறந்து காலி பண்ணும், அப்புறம்தான் ஸெட் படிக்கவே ஆரம்பிக்கும். மிச்சம் ஒரு காலிக் கோப்பு. எண்? பூஜ்ஜியம். மைனஸ் ஐ இதைத் தவிர்க்கும். அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பு எழுதி, முடிஞ்சதும் பழையதோட பெயரை அதுக்கு வைக்கும். பெயர் மாற்றுவது ஒரே அசைவில் நடக்கிற காரியம், அதனால பாதிக் கோப்பு யார் கண்ணிலும் படாது. ஆனா அந்தக் கோப்பு வேறெங்கோ இருக்கிறதைச் சுட்டுற இணைப்பா இருந்தா, இணைப்பு அறுந்து அந்த இடத்துல தனிக் கோப்பு வந்து உட்காரும். அசல் மாறாமலே இருக்கும். மேக் கணினியில் இருக்கிற ஸெட்டோ, மைனஸ் ஐக்குப் பின்னால ஒரு பின்னொட்டு கட்டாயம்னு கேட்கும். லினக்ஸில் ஓடினது அங்கே ஓடாது. பாசிக்ஸ் தரத்தில் மைனஸ் ஐ இன்னும் இல்லை.

இனி தமிழுக்குன்னு தனியா இருக்கிற சிக்கல். "போடி"ங்கிற ஊர்ப் பெயரை எடுத்துக்குங்க. ஏலக்காய் ஏலத்துக்காக நாடே அறிஞ்ச ஊர். யூனிகோடில் அந்த "போ"வை இரண்டு விதமா எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே எழுத்தா வைக்கலாம், இல்லைன்னா ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியா வைக்கலாம். திரையில் ரெண்டும் ஒன்றுதான். யூனிகோடும் ரெண்டும் சமம்னு சொல்லுது. ஸெட்டுக்கு ரெண்டும் வேற வேற பைட்டுகள். ஒன்றைத் தேடினா மற்றது கிடைக்காது, பூஜ்ஜியத்தோட வெளியே வந்துடும். கண்ணால பார்த்தா எழுத்துப் பிழையே தெரியாது, அதுதான் கொடுமை. சரி, முழுச் சொல்லா மட்டும் தேடலாம்னா, பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸ் தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கணக்கில் எடுக்காது. "தேனி"க்கு நடுவுலயே சொல் முடிஞ்சதா நினைச்சுக்கும்.

1998 பொங்கல் அன்று தொடங்கின மதுரைத் திட்டம் மாதிரியான முயற்சிகளில் சேர்ந்த பழைய கோப்புகள் டிஸ்கி குறியாக்கத்தில் இருந்தன. அதில் கொம்பு முதல்ல, மெய் பின்னால, நாம எழுதுற வரிசை. யூனிகோடில் மெய் முதல்ல. வரிசையை மாத்துற ஸ்கிரிப்ட்டை ஒரே கோப்பு மேல இரண்டு தடவை ஓட்டினா என்ன ஆகும்னு யோசிங்க. "தேனி"யை "தேனி அல்லிநகரம்"னு மாத்துற ஸ்கிரிப்ட்டை ரெண்டு தடவை ஓட்டினா "தேனி அல்லிநகரம் அல்லிநகரம்" வரும். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே பலன் தர்ற மாதிரி எழுதுறது தனி ஒழுக்கம்.

மனுஷங்க செய்யுற மொத்த மாற்றத்துக்கும் இதே விதிதான். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாத்தி ஆணை வெளியிட்டது. நோக்கத்துல எனக்குக் குறை இல்லை. ஆனா வேலூருக்கு வந்த புதுக் கூட்டலை ஆங்கிலம் படிக்கிறவங்க "வீலூர்"னு வாசிச்சாங்க. ஊரே சிரிச்சது. ஜூன் 18-ஆம் தேதி ஆணை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் போக வழி இருந்ததுதான் அதில் நல்ல விஷயம்.

கடைசியா ஒரு எண்ணை எடுத்துக்கலாம்: 136. முல்லைப் பெரியாறு அணையின் முழு மட்டம் 152 அடி. பாதுகாப்புக் கவலையால் 1979-ல் தேக்குற அளவு 136 அடியாகக் குறைந்தது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம்னு சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் போட்டு அட்டவணையில் 136-ஐ எழுதியது. 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லாதுன்னு சொல்லி, மறுபடி 142. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த எண்ணைப் பார்த்துத்தான் இருக்கு.

ஒரு பேச்சுக்கு, தீர்ப்பு வந்த மறுநாள், அணை நீர்மட்டம் காட்டுற ஒரு செயலியின் பில்ட் ஸ்கிரிப்ட்டில் 136-ஐ 142 ஆக்கு என்று ஸெட்டுக்குச் சொல்றோம். கோப்பில் மூன்று இடத்தில் 136 இருக்கு: அனுமதிக்கப்பட்ட அளவு, 1979 வரலாற்று வரி, கேரளச் சட்டம் பற்றிய வரி. மூன்றும் மாறும். 1979-ல் 142 அடியாகக் குறைத்தாங்கன்னு செயலி சொல்லும். யாரோ அந்த எண்ணைத் தமிழ் எண்களில் எழுதியிருந்தா, எதுவுமே மாறாது, விவசாயி பழைய அளவையே பார்ப்பார். ரெண்டு நிலைக்கும் ஒரே பூஜ்ஜியம்.

நான் எழுதினா இப்படி எழுதுவேன். முதல்ல கிரெப்பை விட்டு 136 எத்தனை வரியில் இருக்குன்னு எண்ணச் சொல்வேன். "அனுமதிக்கப்பட்ட" என்ற சொல்லோட சேர்ந்த ஒரே வரியை மட்டும் குறிவைப்பேன். வெளியீட்டை அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்புக்கு அனுப்பி, டிஃப் போட்டு, மாறின வரி சரியா ஒன்றுதானான்னு பார்த்த பிறகுதான் பெயரை மாத்துவேன். ஏற்கனவே 142 இருந்தா பேசாம வெளியே வந்துடணும். கணக்கு இடிச்சா ஸ்கிரிப்ட் பூஜ்ஜியம் அல்லாத எண்ணோட நிக்கணும், திரையில் ஒரு கேள்விக்குறியை விடக் கொஞ்சம் அதிகமா எழுதிட்டு: எதிர்பார்த்தது 1, கிடைத்தது 3, கோப்பு மாற்றப்படவில்லை.